தோட்டக்காரரை நானே அழைக்க வேண்டும்: டர்பன் தோட்டப் பணி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் தோட்டப் பணி நிறுவனம் நடத்தும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம்.

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், இசிப்பிங்கோ, வெருலம், டொங்காட் என்று நம்மவர் வாழும் பகுதிகளுக்கெல்லாம் புல் வெட்டவும் வேலி கத்தரிக்கவும் ஆள் அனுப்புகிறீர்கள். உங்களில் பலர் இப்போது இணையதளம் வைத்திருக்கிறீர்கள். விலை கேட்பது, நாள் குறிப்பது, பணம் கட்டுவது எல்லாம் அதிலேயே நடக்கிறது. ஆனால் அந்தத் தளங்களில் பெரும்பாலானவற்றைப் பார்வையற்றவர்களால் பயன்படுத்த முடியவில்லை. கை நடுங்குகிறவர்களும் காது கேளாதவர்களும் கூட அங்கே திணறுகிறார்கள். இதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் சாட்ஸ்வர்த்தில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை. சர்க்கரை நோய் விழித்திரையைக் கெடுத்து, ஐம்பது வயதுக்கு மேல் பார்வை போய்விட்டது. நம் சமூகத்தில் இது அரிதான கதை இல்லை. உங்கள் குடும்பத்திலேயே ஒரு மாமாவுக்கோ ஆயாவுக்கோ நேர்ந்திருக்கும். கைபேசியையும் கணினியையும் திரைவாசிப்பான் துணையோடு நாள்தோறும் பயன்படுத்துகிறேன். வங்கிக் கணக்கை நானே பார்க்கிறேன், செய்தி படிக்கிறேன், கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். புல் வெட்ட ஆள் வரவழைப்பது மட்டும் என்னால் முடியாத காரியமாக இருக்கிறது.

உங்கள் தொழிலுக்கு வாடிக்கையாளர் யார் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். உடம்பில் வலுவுள்ளவர் சனிக்கிழமை காலையில் தானே மெஷினை வெளியே இழுத்து வெட்டி முடித்துவிடுவார். ஆள் வைக்க வேண்டியவர்கள் முழங்கால் தேய்ந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், கண் தெரியாதவர்கள், பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்குக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டதால் தனியாக இருக்கும் முதியவர்கள். மற்ற எந்தக் கடையையும்விட உங்கள் வாசலுக்கு நாங்கள்தான் அதிகம் வர வேண்டியவர்கள். அந்த வாசலே எங்களுக்கு அடைபட்டிருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

தோட்டம் எங்களுக்கு அழகுக்காக மட்டும் இல்லை. டர்பன் கோடை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் முதல் மார்ச் வரை மழையும் புழுக்கமும் சேர்ந்து, வெட்டிய புல் இரண்டே வாரத்தில் கணுக்காலைத் தொட்டுவிடும். உயர்ந்த புல்லுக்குள் பாம்பு இருந்தால் கண்ணுள்ளவர் விலகிப் போகலாம். நான் எப்படி விலகுவேன்? சிமெண்ட் பாதையில் பாசி படிந்தால் வழுக்கும். எல்லாவற்றையும்விட அபாயம் தலையளவில் தொங்கும் கிளை. வெள்ளைக் கைத்தடி தரையில் இருப்பதைத்தான் சொல்லும். முகத்துக்கு நேரே நீண்டிருக்கும் மாங்கிளையை அது சொல்லாது. சாட்ஸ்வர்த் வீடுகள் பலவும் மேட்டுச் சரிவில் கட்டியவை. வாசலிலிருந்து தெருவுக்குப் படி இறங்க வேண்டும். அந்தப் படியோரம் செடி அடர்ந்துவிட்டால் நான் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட வேண்டியதுதான்.

ஆனாலும் அழகு எங்களுக்கு இல்லையென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கறிவேப்பிலை, துளசி, மல்லிகை, மழை விழுந்த மண், மாமரத்துப் பூ எல்லாம் எனக்கு இப்போதும் முழுசாக இருக்கின்றன. 1860 நவம்பர் 16 அன்று இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பன் துறைக்கு வந்ததிலிருந்து, கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடித்தவர்கள் பலர் துண்டு நிலம் பிடித்துக் காய்கறி போட்டார்கள். கிளேர்வுட்டிலும் ஸ்பிரிங்ஃபீல்டிலும் அவர்கள் வளர்த்த தோட்டங்கள்தான் இந்த நகரத்துக்குக் கீரையும் மிளகாயும் தந்தன. இனவாரியாக வசிப்பிடங்களைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் அவர்களின் பிள்ளைகளை அங்கிருந்து கிளப்பி, அறுபதுகளில் சாட்ஸ்வர்த்தின் சிறிய வீடுகளுக்குக் கொண்டுவந்தபோது, கையகல இடத்திலும் முருங்கையும் வெற்றிலைக் கொடியும் மடும்பி என்ற சேப்பங்கிழங்கும் வைத்தார்கள். என் வீட்டுப் பின்புறத்து முருங்கை என் மாமியார் நட்டது. அது கவனிப்பாரற்றுப் போவதை நான் விரும்பவில்லை.

கேப் டவுன் கிர்ஸ்டன்பாஷ் தாவரவியல் பூங்காவில் பிரெயில் பாதை ஒன்று இருக்கிறது. கையால் பற்றிக்கொண்டு நடக்கக் கயிறு, விரலால் படிக்கப் பலகைகள், பக்கத்திலேயே நறுமணச் செடிகள். கண் தெரியாதவரும் தோட்டத்தை அனுபவிப்பார் என்பதை இந்த நாட்டில் யாரோ முன்பே எண்ணிச் செயல்படுத்தியிருக்கிறார்கள்.

இனி உங்கள் தளங்களுக்கு வருகிறேன். திரைவாசிப்பான் என்பது திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் நிரல். விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006-இல் தொடங்கி, பார்வையற்ற நண்பர் ஒருவரும் சேர்ந்துகொண்ட வேலை அது. ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக்கும் ஐஃபோனில் வாய்ஸ்ஓவரும் உள்ளேயே இருக்கின்றன. இவையெல்லாம் பக்கத்தின் நிரலில் எழுதியிருப்பதைப் படிப்பவை. பொத்தானுக்கு நிரலில் பெயர் இருந்தால் பெயரைச் சொல்லும். இல்லையென்றால் 'பட்டன்' என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

அண்மையில் ஒரு நிறுவனத்தின் தளத்துக்குள் போனேன். பெயர் இங்கே வேண்டாம். மற்றவர்களின் தளங்களும் அதிகம் வேறுபட்டவை அல்ல. முதலில் பெரிய படம். என் காதில் விழுந்தது 'ஐஎம்ஜி அண்டர்ஸ்கோர் நான்கு எட்டு இரண்டு' என்ற கோப்புப் பெயர். அடுத்தடுத்து அதே மாதிரி. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் அவை என்று பக்கத்து வீட்டுப் பெண் பிறகு சொன்னாள். அவற்றுக்கு மாற்றுரை, அதாவது திரைவாசிப்பான் படிப்பதற்காகப் படத்தோடு நிரலில் சேர்க்கும் விவரிப்பு, எழுத ஒரு வரி போதும். 'வீட்டு முன்புற வேலி, ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. இப்போது இடுப்பளவில் நேராக வெட்டப்பட்டுள்ளது' என்று இருந்திருந்தால், உங்கள் ஆட்களின் கைத்திறமையை நானும் தெரிந்துகொண்டிருப்பேன். வெறும் இலை, பூ, அலங்காரக் கோடு என்றால் மாற்றுரையைக் காலியாக விட்டுவிடச் சொல்லுங்கள். திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போகும்.

அடுத்து விலை. வாட்ஸ்அப்பில் அனுப்பச் செய்த போஸ்டரை அப்படியே தளத்தில் ஒட்டியிருந்தார்கள். சிறிய முற்றத்துக்கு எவ்வளவு, பெரியதற்கு எவ்வளவு, குப்பை அள்ளிப் போக எத்தனை ரேண்ட் என்பதெல்லாம் அந்தப் படத்துக்குள் இருந்தது. என் கணினிக்கு அது ஒரு படம், அவ்வளவுதான். விலையை எழுத்தாகத் தட்டச்சு செய்து ஓர் அட்டவணையில் போட்டால் என்னால் படிக்க முடியும். கண் மங்கியவர் பெரிதாக்கிப் பார்க்கலாம், கைபேசியில் டேட்டாவும் குறையும்.

பிறகு படிவம். ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றிலும் நிற்கும்போது 'எடிட், பிளாங்க்' என்றது. எது பெயருக்கு, எது தெருவுக்கு, எது தொலைபேசிக்கு? கட்டத்தின் உள்ளேயே மங்கலான எழுத்தில் குறிப்பு இருந்ததாம். தட்டச்சு தொடங்கியதும் மறைந்துவிடுமாம். பார்வையுள்ள முதியவருக்கே இது தொல்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே நிலையான தலைப்பு எழுதி, அதைக் கட்டத்தோடு நிரலில் இணைக்க வேண்டும். தளம் செய்பவருக்கு ஒரு கட்டத்துக்கு ஒரு வரி வேலை.

நாள் தேர்வு செய்யக் காலண்டர். விசைப்பலகையால் அதற்குள் நுழையவே முடியவில்லை. சுட்டியால்தான் தொட முடியும். நுழைந்திருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் காலியான நாள் பச்சை, நிரம்பிய நாள் சிவப்பு, வேறு குறிப்பு எதுவும் இல்லை. சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத ஆண்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களுக்கும் அது ஒரே நிறம். நிறத்தோடு 'இடம் உண்டு', 'நிரம்பியது' என்ற சொல்லையும் வையுங்கள். தேதியைத் தட்டச்சு செய்ய ஒரு கட்டமும் இருக்கட்டும்.

வீடு எங்கே என்று காட்ட வரைபடத்தில் ஊசியை இழுத்து வைக்கச் சொன்னது. இது எனக்கு மட்டும் முடியாத காரியம் இல்லை. பார்கின்சன் நோயால் கை நடுங்கும் என் அண்ணன், பார்வை நன்றாக இருந்தும், ஊசியை உம்லாசி ஆற்றில் கொண்டுபோய் வைக்கும் நிலையில்தான் இருக்கிறார். முகவரியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொத்தான்களைப் பெரிதாக்கி, ஒன்றுக்கொன்று இடைவெளி விடுங்கள்.

கடைசியில் நான் மனிதர்தானா என்று சோதிக்க, போக்குவரத்து விளக்கு உள்ள சதுரங்களைத் தொடச் சொன்னது. ஒலி வழியாகச் சோதிக்கும் மாற்று எதுவும் இல்லை. எப்படியோ அனுப்பு என்று அழுத்தியதும் எந்தச் சத்தமும் இல்லை. பிழை ஏதோ சிவப்பு எழுத்தில் வந்ததாம். என் காதுக்கு எதுவும் வரவில்லை. பிழை எந்தக் கட்டத்தில், எப்படித் திருத்த வேண்டும் என்பதைச் சொற்களில் சொல்லி, அதைத் திரைவாசிப்பான் உடனே படிக்கும்படி செய்ய முடியும்.

'போன் செய்தால் போதுமே, யாராவது உதவி செய்வார்களே' என்று நீங்கள் சொல்லலாம். இங்கேதான் நான் நின்று பேச விரும்புகிறேன். இந்த மடலின் காரணமே இதுதான். தோட்டத்துக்கு ஆள் வரவழைப்பது கடையில் ரொட்டி வாங்குவது மாதிரி இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் எங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வருகிறார். டர்பனில் ஏன் கேட்டுக்கு ரிமோட்டும் சன்னலுக்குக் கம்பியும் போடுகிறோம் என்று நமக்குத் தெரியும். படிவத்தை எனக்காக வேறொருவர் நிரப்பினால் என் முகவரி, நான் தனியாக இருக்கும் நேரம், கேட்டைத் திறக்கும் முறை, வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் எல்லாம் அவர் கைக்குப் போகின்றன. உதவ வருகிறவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனாலும் என் வீட்டுக்குள் யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு வருகிறார், எவ்வளவு பணம் கொடுத்தேன் என்பதை நானே அறிந்து, நானே முடிவு செய்து, நானே ரசீதைப் படிக்க வேண்டும். பார்வை போன பிறகு பிறர் கையை எதிர்பார்க்க வேண்டிய இடங்கள் எத்தனையோ வந்துவிட்டன. எழுத்தைச் சரியாக எழுதினாலே தீர்ந்துவிடக்கூடிய இந்த இடத்தில் நான் ஏன் கையேந்த வேண்டும்?

போன் செய்யச் சொல்வது காது கேளாதவர்களுக்குப் பதிலும் இல்லை. தென்னாப்பிரிக்க சைகை மொழி 2023-இல் இந்நாட்டின் 12-ஆவது அதிகாரபூர்வ மொழியாகிவிட்டது. அம்மொழியில் பேசுகிற ஒரு குடும்பம் உங்களை எழுத்து வழியே அணுக வாட்ஸ்அப் எண்ணாவது முகப்பில் தெரியட்டும். செடி பராமரிப்பு வீடியோ போடுகிறவர்கள் வசன எழுத்து சேருங்கள்.

நிறம் பற்றி ஒரு சொல். தோட்டத் தொழில் என்பதால் எல்லோரும் பச்சையை விரும்புகிறீர்கள். வெள்ளைத் தரையில் இளந்தளிர்ப் பச்சை எழுத்து பார்க்க இதமாக இருக்கலாம். ஆனால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு பெரும்பாலும் 2-க்கு 1 என்ற அளவிலேயே நிற்கும். உலகமெங்கும் பின்பற்றும் வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டி (WCAG) சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 கேட்கிறது. கண்புரை உள்ளவர்களுக்கு இந்த இடைவெளிதான் படிப்பதும் படிக்காததும். இலையின் அடர்பச்சைக்குப் போங்கள். உங்கள் தொழிலின் நிறமும் கெடாது.

தமிழிலும் ஒரு வரி எழுத வேண்டும் என்று சிலர் நினைத்து, முகப்பில் 'வணக்கம்' போடுகிறீர்கள். மனம் குளிர்கிறது. ஆனால் அதைப் படமாக ஒட்டாதீர்கள். எழுத்தாகவே எழுதி, இந்தப் பகுதி தமிழ் என்று நிரலில் மொழிக்குறி இடச் சொல்லுங்கள். என்விடிஏ-வுடன் வரும் இலவசக் குரலுக்குத் தமிழ் தெரியும். குறி இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் அதைத் திக்கித் திணறிப் படிக்கும், அல்லது விட்டுவிடும். ஜூலு மொழிப் பக்கம் வைத்திருப்பவர்களும் இதையே செய்ய வேண்டும்.

இவ்வளவு வேலைக்குப் பெரும் பணம் ஆகுமோ என்று தயங்குவீர்கள். வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைக் கருவியால் ஆராய்கிறது. 2025-இல் அவற்றில் 94.8 விழுக்காட்டில் குறை இருந்தது. ஆனால் கண்டுபிடித்த பிழைகளில் மிகப் பெரும்பாலானவை ஆறே வகை: மங்கிய எழுத்து, மாற்றுரை இல்லாத படம், தலைப்பில்லாத கட்டம், பெயரில்லாத இணைப்பு, பெயரில்லாத பொத்தான், மொழிக்குறி இல்லாத பக்கம். நான் மேலே சொன்னவற்றில் பாதி இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். உங்கள் தளங்கள் சிறியவை, பக்கங்கள் குறைவு. தளத்தைப் புதிதாகக் கட்ட வேண்டாம். இருப்பதைத் திருத்தினால் போதும்.

ஒரே வரி நிரலை ஒட்டினால் தளம் தானாக எல்லாருக்கும் ஏற்றதாகிவிடும் என்று சொல்லி மாதச் சந்தாவுக்கு விற்கும் கருவிகளை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். பக்க மூலையில் ஒரு சக்கர நாற்காலிச் சின்னம் வரும். பெயரில்லாத பொத்தான் பெயரில்லாமலே இருக்கும். பல நேரம் என் திரைவாசிப்பானோடு மோதி, ஓரளவு படித்துக்கொண்டிருந்ததையும் கெடுத்துவிடும். இப்படிப் பெரிதாக வாக்களித்து விற்ற ஒரு நிறுவனம் பத்து லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025-இல் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் உத்தரவிட்டது.

தளம் செய்து தருகிறவரிடம் 'அணுகல் வழிகாட்டியின் (WCAG) 2.2 பதிப்பு, இரட்டை ஏ நிலை' என்று கேளுங்கள். அதன் மூன்று நிலைகளில் நடுவானது அது. 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. அவருக்கு இது தெரியாவிட்டால் வேறொருவரைப் பாருங்கள். நீங்களே சோதிக்கவும் வழி உண்டு. சுட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, டேப் விசையால் மட்டும் முகப்பிலிருந்து பணம் கட்டும் இடம் வரை போய்ப் பாருங்கள். எங்கே நிற்கிறோம் என்பது திரையில் தெரிகிறதா, எங்காவது மாட்டிக்கொள்கிறோமா என்று கவனியுங்கள். அடுத்து கைபேசியில் டாக்பேக்கை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆளைப் பதிவு செய்ய முயலுங்கள். நான் இத்தனை பத்தியில் எழுதியதைவிட அது அதிகம் சொல்லும்.

சட்டத்தைக் காட்டி மிரட்ட எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் தெரிந்திருப்பது நல்லது. நம் அரசியலமைப்பின் 9-ஆவது பிரிவு உடல் குறைபாட்டின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. 2000-ஆம் ஆண்டின் 4-ஆம் எண் சமத்துவச் சட்டம் தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. தடைகளை நீக்காமல் விடுவதும் அதன்படி பாகுபாடாகலாம். நீதவான் நீதிமன்றங்களே சமத்துவ நீதிமன்றங்களாகவும் இயங்குகின்றன. 2022 செப்டம்பரில், நூல்களைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவுக்கு மாற்றவிடாமல் பதிப்புரிமைச் சட்டம் தடுத்தது செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் பெற எங்கள் பார்வையற்றோர் அமைப்பினர் நீண்ட காலம் போராட வேண்டியிருந்தது. ஒரு முற்றத்துப் புல்லுக்காக நம்மவரோடு நீதிமன்றத்தில் நிற்க நான் ஆசைப்படவில்லை.

படிவத்தில் இன்னும் ஓர் இடம் வேண்டும்: 'நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?' என்ற கேள்வியும், எழுத ஒரு கட்டமும். அதில் நான் எழுதுவேன்: கேட்டுக்கு வெளியே நின்று உங்கள் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பூந்தொட்டிகளை இடம் மாற்றாதீர்கள். எண்ணி வைத்த இடத்தில் இருந்தால்தான் நான் இடறாமல் நடப்பேன். ஹோஸ் பைப்பையும் குப்பைப் பைகளையும் பாதையில் விடாதீர்கள். என் தலைக்கு மேல் ஒரு கை உயரம் வரை கிளைகளை வெட்டுங்கள். முருங்கையைத் தொடும்முன் என்னைக் கேளுங்கள். இதை வேலைக்கு வருகிற ஆளிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அவருக்கும் வேலை எளிதாகும்.

திருத்திய தளத்தைச் சோதித்துப் பார்க்க நாங்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்கள், கை நடுங்குகிறவர், காது கேளாத ஒரு தம்பதி. கூலி பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் தளத்தை என் கணினி எப்படிப் படிக்கிறது என்று கேளுங்கள். குளிர்காலத்தில் உங்களுக்கும் வேலை சற்றுக் குறைவாக இருக்கும். அக்டோபர் மழை தொடங்குவதற்குள் விலைப்பட்டியலையும் பதிவுப் படிவத்தையும் மட்டுமாவது சரிசெய்துவிடுங்கள். மற்றவை ஒவ்வொன்றாக வரட்டும்.

அன்புடன்,
சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் ஆசிரியை